பழைய பூனையும் புதிய குட்டியும்

ஊரில் நம் பாட்டன்மார் வீடுகளில் பூனை இருந்தது. ஆனால் அதை வளர்த்ததாக யாரும் சொல்லிக் கொண்டதில்லை. ஓட்டுக் கூரை வழியாக அது வந்தது. அடுக்களையில் எலி உள்ளவரை தங்கியது. வேறொரு பூனை வந்து சேர்ந்தால், இரண்டும் கூரைமேல் ஏறி ஓரிரவு கூக்குரலிட்டுத் தங்கள் வழக்கைத் தாமே தீர்த்துக் கொண்டன. தோற்றது அடுத்த தெருவுக்குப் போயிற்று. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்கு மாடி வீட்டில் குடியிருக்கும் நமக்கு அந்த வசதி ஏது? கதவைச் சாத்திவிட்டால் நம் பூனைக்கு வேறு உலகம் கிடையாது. வழக்கை நாம்தான் தீர்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

இதில் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். டில்லியில் எங்கள் வீட்டில் வெள்ளச்சி என்றொரு பூனை எட்டாண்டுகளாக இருந்து வருகிறது. என் தாயார் முதுமையில் ஊரைவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தவர். இந்தி அவருக்கு வராது. நாங்கள் அலுவலகம் போனபின் மாலை வரையில் அவர் தமிழில் பேசுவதைக் கேட்க அவ்வீட்டில் இருந்த ஒரே பிராணி வெள்ளச்சிதான். ஓர் ஆவணி மழையில் மாடிப்படியின் கீழே நனைந்து கிடந்த குட்டியொன்றை எடுத்து வந்தேன். “பார், உனக்கு ஒரு தங்கை” என்று அதை வெள்ளச்சியின் முன்னால் இறக்கி விட்டேன். வெள்ளச்சியின் உடல் இருமடங்கு பருத்தது. ஒரு சீறல், மறுகணம் அது அலமாரியின் உச்சியில் இருந்தது. இரண்டு நாள் இறங்கவில்லை, உணவைத் தொடவில்லை. “இது சாப்பிடாமல் எனக்கு எப்படியடா சோறு இறங்கும்?” என்று தாயாரும் தட்டை ஒதுக்கினார்.

கால்நடை மருத்துவர் என்னைக் கடிந்து கொண்டார். பூனை, முக்கியமாகச் சற்றுப் பருத்த பூனை, சில நாட்கள் பட்டினி கிடந்தாலே உடலின் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்றார். நாய்க்கு ஒரு நாள் பட்டினி பெரிதல்ல. பூனையின் உடலமைப்பு வேறு. ஒரு முழு நாள் பூனை உண்ணாமலிருந்தால் மருத்துவரைக் கேட்பது நலம்.

வெள்ளச்சி ஏன் அப்படி நடந்து கொண்டது? நம் வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. மனிதனோடு இந்தக் குலத்துக்கு உள்ள உறவு மிகப் பழமையானது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறையொன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடைத்ததை ஆராய்ச்சியாளர் 2004-ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆயினும் அந்த மூதாதை தனித்து இரைதேடிய பிராணி. ஓர் எலி ஒரு வாய்க்குத்தான் போதும். அதைப் பங்கிட்டுக் கொள்ளத் துணை எதற்கு? தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்தால் தன் இரை குறையும் என்பதே அதற்குத் தெரிந்த கணக்கு.

அந்த எல்லையைப் பூனை மூக்கினால் அறிகிறது. அதன் கன்னத்திலும் மோவாயிலும் பாதங்களிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. நம் காலிலும் நாற்காலியிலும் அது கன்னத்தைத் தேய்க்கும்போது, அன்போடு தன் முத்திரையையும் சேர்த்தே பதிக்கிறது. அந்த வாசனையால் நிறைந்த வீட்டில் அந்நிய வாசனையோடு ஒரு குட்டியைத் திடீரென்று இறக்குவது, தூங்குகிறவன் படுக்கையில் முன்பின் அறியாதவனைக் கொண்டுவந்து கிடத்துவது போன்றதே.

ஆகவே குட்டி வந்த நாளிலேயே அதற்குத் தனியறை வேண்டும். நோயைக் கருதியும் இது அவசியம். தெருவிலிருந்து வரும் குட்டியிடம் தெள்ளுப்பூச்சியும் குடற்புழுவும் இருப்பது சகஜம். பான்லூகோபீனியா என்னும் கொடிய தொற்று நோயும் இருக்கக் கூடும். எனவே மருத்துவரிடம் காட்டிவிட்டு, குறைந்தது இரண்டு வாரமாவது பிரித்து வைப்பது நல்லது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்குவார்கள். பழைய பூனையின் தடுப்பூசிக் கணக்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நாய்க்கென்று விற்கும் தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது. அவற்றிற் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

ஒற்றை அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள மும்பை வீட்டில் தனியறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பெரிய கம்பிக் கூண்டு ஒன்றை மூலையில் வைத்து மேலே துணி போர்த்தலாம். குளியலறையும் உதவும், ஆனால் தண்ணீர் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பில் ஏறி உள்ளே விழும் குட்டியால் வெளியேற முடியாது. வலையடிக்காத பால்கனி உதவவே உதவாது.

இரண்டும் பிரிந்திருக்கும் நாட்களில் வாசனையைப் பழக்குங்கள். பழைய வேட்டித் துண்டு ஒன்றால் குட்டியின் கன்னத்தை மெல்லத் துடைத்து, அத்துணியைப் பெரிய பூனை உண்ணும் இடத்துக்குச் சற்று அப்பால் போடுங்கள். மூக்கருகே கொண்டு போய்த் திணிக்க வேண்டாம். சீறினால் இன்னும் எட்டப் போடலாம். முகர்ந்து பார்த்துவிட்டு அலட்சியமாக உணவுக்குத் திரும்பிற்றானால் பாதி வேலை முடிந்தது. அவ்வாறே பெரியதன் வாசனை குட்டிக்கும் போகட்டும். பிறகு சாத்திய கதவின் இரு புறமும் உணவுத் தட்டுகளை வையுங்கள். நாளுக்கு நாள் தட்டுகள் கதவை நெருங்கட்டும். அந்நிய வாசனை வரும்போதெல்லாம் நல்ல உணவும் வருகிறது என்று பூனை கண்டுகொள்ளும்.

அடுத்தது பார்வை. இதில் டில்லிவாசிகள் பாக்கியசாலிகள். கொசுவுக்காக மரக்கதவோடு இன்னொரு ஜாலிக் கதவும் போட்ட வீடுகள் இங்கே நிறைய. மரக்கதவைத் திறந்து ஜாலியை மட்டும் சாத்தி வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கலாம்; தொட முடியாது. முதல் சில நாள் ஜாலியின் கீழ்ப் பாதியைத் துணியால் மறைத்து, விரற்கடை விரற்கடையாக உயர்த்தினோம். வெள்ளச்சி முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அதை நான் அவமதிப்பு என்று நினைத்தேன். பகைவனுக்கு முதுகைக் காட்ட எந்தப் பூனையும் துணியாது என்பது பிறகுதான் விளங்கிற்று.

நேருக்கு நேர் விடும் நாளில் குட்டியை முன்னதாக ஓடியாட வைத்துக் களைப்பாக்குங்கள். பெரியது ஏறி உட்கார உயரமான இடமும், விலகிப் போக வழியும் இருக்க வேண்டும். எதையும் கையில் பிடித்துக் கொண்டு அறிமுகம் செய்யாதீர்கள். முதல் சந்திப்புக்குச் சில நிமிஷம் போதும். பெரியது சீறுவதும் நகத்தை மடக்கி ஓர் அறை அறைவதும் பெரும்பாலும் குட்டிக்குப் பாடம் சொல்லுவதே. அதற்காக அதைத் திட்டக் கூடாது. காதுகளை மண்டையோடு ஒட்டி, இமை கொட்டாமல் உறுத்துப் பார்த்து, விரட்டிப் பிடித்து அலறினால் அது சண்டை. இடையே தலையணையையோ அட்டையையோ நுழையுங்கள். கையை நுழைத்தால் கடி நிச்சயம். பிறகு மீண்டும் ஜாலிக் கதவுக்கே திரும்ப வேண்டும். இரண்டு வாரத்தில் முடிந்த வீடும் உண்டு. மாதக் கணக்கில் நீண்ட வீடும் உண்டு.

இரண்டு பூனைக்கு மூன்று மணல் தட்டு வேண்டும். அவை வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். உணவு முதலில் பழையதற்கே. உணவு என்னும்போது சைவக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. தயிர் சாதத்திலேயே வளர்ந்த பூனை எங்கள் ஊரில் இருந்தது என்று சொல்லாதவர் நம்மில் இல்லை. அது கொல்லையில் பிடித்த எலிகளை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. மாமிசத்தில் உள்ள டாரின் என்னும் சத்து கிட்டாவிடில் பூனையின் கண்ணும் இருதயமும் கெடும். மாடி வீட்டில் எலி இல்லையாதலால் கடையில் விற்கும் பூனை உணவையாவது வாங்கத்தான் வேண்டும்.

குட்டிக்கு நான்கைந்து மாதம் ஆனதும் கருத்தடைச் சிகிச்சை பற்றி மருத்துவரைக் கேளுங்கள். தாமதித்தால் கடுவன் சுவரெங்கும் சிறுநீர் தெளிக்கத் தொடங்கும். பெட்டையானால் ஒன்பது வாரத்தில் நான்கு குட்டிகளோடு இந்தக் கட்டுரையை மறுபடியும் முதலிலிருந்து படிக்க நேரும்.

கிழட்டுப் பூனைக்கு ஒரு துணை வேண்டும் என்று நாமாகவே தீர்மானித்துக் கொள்கிறோம். நோயுற்ற முதிய பூனையுள்ள வீட்டுக்குத் துள்ளும் குட்டியைக் கொண்டு வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். வெள்ளச்சிக்கு வலு இருந்தது, எனவே தப்பித்தோம். அவை இரண்டும் உயிர்த் தோழிகளாகிவிடவில்லை. ஒன்றையொன்று நக்கிக் கொடுத்து நான் கண்டதில்லை. டில்லிக் குளிர் வந்தால் தாயாரின் ரஜாயின் ஒரு முனையில் வெள்ளச்சியும் மறு முனையில் குட்டியும் படுக்கின்றன. நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்த இடைவெளியில் காலை நீட்ட முடியவில்லை என்பதுதான் தாயாரின் இப்போதைய குறை. அதையும் அவற்றிடமே தமிழில் சொல்லிக் கொண்டிருக்கிறார்.