கையெழுத்துக்கும் கெடு உண்டு

யார்டில் ரயில் பெட்டிகளைப் பரிசோதித்து, பிரேக் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வண்டி புறப்படும். ஆண்டுக்கணக்கில் அந்தச் சான்றிதழ்களோடு பழகியவன் நான். விமானத்திலும் இதே கதைதான். சங்க அன்பர்கள் சிலரின் பிள்ளைகள் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர விரும்புவதால், அமெரிக்காவில் சிறிய விமானங்களுக்கு உள்ள முறையை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

அங்கே பொதுவாக ஒவ்வொரு சிறிய விமானத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருடாந்திர ஆய்வு நடக்க வேண்டும். மார்ச் 10-ல் ஆய்வு முடிந்தால் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை செல்லும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் சென்றால், 100 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறையும் ஆய்வு உண்டு. ஆய்வு நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர 10 மணி நேரம் வரை கூடலாம். ஆனால் கூடிய நேரம் அடுத்த 100-ல் கழிக்கப்படும்.

100 மணி நேர ஆய்வில் விமானச் சட்டம், எஞ்சின் இரண்டுக்கும் சான்று பெற்ற மெக்கானிக் கையெழுத்திடலாம். வருடாந்திர ஆய்வுக்கு அது போதாது. 'இன்ஸ்பெக்ஷன் ஆதரைசேஷன்' என்ற தனி அதிகாரம் வேண்டும். சான்று பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடைசி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற அதிகாரமும் நிரந்தரமல்ல. ஒற்றைப்படை ஆண்டுகளில் மார்ச் 31-ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும். புதுப்பிக்க, இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும்: 90 நாளுக்கு ஒன்று வீதம் வருடாந்திர ஆய்வு, அல்லது 90 நாளுக்கு இரண்டு பெரிய பழுதுபார்ப்பு அல்லது மாற்றம், அல்லது தவணை முறையில் நடக்கும் ஒரு முழு ஆய்வு, அல்லது எட்டு மணி நேர மறுபயிற்சி, அல்லது வாய்மொழித் தேர்வு. முதலாண்டில் எதுவும் செய்யவில்லையென்றால், வாய்மொழித் தேர்வில் தேறும்வரை பேனாவை மூடி வைக்க வேண்டியதுதான்.

ஏன் இத்தனை கெடுபிடி? ஆய்வாளருக்குக் கூலி கொடுப்பவர் விமானத்தின் சொந்தக்காரர். அவரிடமே "பறக்கத் தகுதியில்லை" என்று சொல்லும் நிலை வரும். அதற்கும் விதியில் வழி இருக்கிறது. ஆய்வு முடிந்தது என்று பதிவு செய்துவிட்டு, குறைகளின் பட்டியலைக் கையெழுத்தும் தேதியுமிட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடலாம். தகுதியுள்ள வேறு மெக்கானிக் அவற்றைச் சரிசெய்து கையெழுத்திட்டால் போதும். ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இதனால் தாட்சண்யத்துக்காகக் கையெழுத்துப் போடும் கட்டாயம் ஆய்வாளருக்கு இல்லை.

நம் நாட்டிலும் டி.ஜி.சி.ஏ. தரும் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கே செல்லும். அதைப் பயன்படுத்திக் கையெழுத்திட, முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஆறு மாத வேலை அனுபவமும் வேண்டும்.

ஆகவே இந்தத் துறைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ் வாங்கியதோடு படிப்பு முடிவதில்லை. கை வேலையில் இருக்க வேண்டும். விதிகளைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "முடியாது" என்று சொல்லும் துணிவு வேண்டும். அதை வீட்டில்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.