2008 அமெரிக்க அதிபர் தேர்தலும் மெக்கெய்ன் மீதான பழமைவாதிகளின் ஐயமும்

2008 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்றவர் ஜான் மெக்கெய்ன். இவர் அரிசோனா மாநிலத்தின் செனட் (மேலவை) உறுப்பினர். வியட்நாம் போரில் ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த கடற்படை விமானி. கட்சியின் வேட்பாளர் தகுதியை அவர் முறைப்படி வென்றார். ஆயினும் அக்கட்சியின் முதுகெலும்பாக விளங்கிய பழமைவாத வாக்காளர்கள் பலருக்கு "இவர் நம்மவர்தானா?" என்ற ஐயம் இருந்தது. அந்த ஐயம் எதனால் எழுந்தது, அதைத் தீர்க்க மெக்கெய்ன் என்ன செய்தார், தேர்தல் முடிவை அது எந்த அளவுக்குப் பாதித்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பழமைவாத வாக்காளர்கள் யார்?

குடியரசுக் கட்சியின் பழமைவாதிகள் ஒரே வகையினர் அல்லர். அவர்களை மூன்று பிரிவினராகக் கொள்ளலாம். வரியும் அரசின் செலவும் குறைய வேண்டும் என்போர் முதல் பிரிவினர். கருக்கலைப்பையும் ஒருபால் திருமணத்தையும் எதிர்க்கும் சமயப் பற்றாளர்கள் இரண்டாம் பிரிவினர். வலிமையான படையும் உறுதியான வெளியுறவுக் கொள்கையும் வேண்டுவோர் மூன்றாம் பிரிவினர். 1980 இல் ரொனால்ட் ரேகன் இம்மூன்று பிரிவினரையும் ஓரணியில் திரட்டி வென்றார். அதன்பின் ஒவ்வொரு வேட்பாளரையும் ரேகனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இவர்களின் வழக்கமாயிற்று.

ஐயத்தின் காரணங்கள்

வரி: அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2001, 2003 ஆண்டுகளில் கொண்டுவந்த வரிக்குறைப்புச் சட்டங்களுக்கு எதிராக மெக்கெய்ன் வாக்களித்தார். 2001 இல் செனட்டில் அவ்வாறு வாக்களித்த குடியரசுக் கட்சியினர் இருவர் மட்டுமே.

தேர்தல் நிதி: ஜனநாயகக் கட்சியின் ரஸ் ஃபைன்கோல்டுடன் இணைந்து அவர் முன்னெடுத்த தேர்தல் நிதிச் சீர்திருத்தம் 2002 இல் சட்டமாயிற்று. தேர்தலை ஒட்டிய வாரங்களில் அமைப்புகள் தம் நிதியில் வேட்பாளரின் பெயரைச் சொல்லித் தொலைக்காட்சி, வானொலி விளம்பரம் செய்வதை அது கட்டுப்படுத்தியது. கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகள் இதைப் பேச்சுரிமைக்கு விழுந்த அடியாகக் கருதின.

நீதிபதிகள்: 2005 இல் புஷ் நியமித்த நீதிபதிகள் சிலரை ஜனநாயகக் கட்சியினர் தடுத்தபோது, இரு கட்சிகளிலிருந்தும் தலா ஏழு பேர் சேர்ந்து உடன்பாடு கண்டனர். "பதினால்வர் குழு" எனப்பட்ட அதில் மெக்கெய்னும் ஒருவர். எதிர்க்கட்சியின் தடையை முறியடிக்கும் வாய்ப்பைக் கைநழுவ விட்டார் என்று பழமைவாதிகள் குறை கூறினர்.

குடியேற்றம்: எட்வர்ட் கென்னடியுடன் இணைந்து 2005 இல் அவர் கொண்டுவந்த முன்வரைவு, ஆவணமின்றித் தங்கியிருப்போர் சட்டப்படி குடியுரிமை நோக்கிச் செல்ல வழிசெய்தது. 2007 இல் இதையொத்த சட்ட முயற்சி கடும் எதிர்ப்பால் தோற்றது.

சமயத் தலைவர்கள்: 2000 ஆம் ஆண்டு முதன்மைத் தேர்தலின்போது பாட் ராபர்ட்சன், ஜெரி ஃபால்வெல் ஆகிய செல்வாக்கு மிக்க போதகர்களைச் சகிப்பின்மையைப் பரப்புவோர் என்று மெக்கெய்ன் வெளிப்படையாகச் சாடினார். 2006 இல் ஃபால்வெல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் உரையாற்றிச் சமரசம் தேடினாலும் பழைய சொற்களைப் பலர் மறக்கவில்லை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெக்கெய்ன் கருக்கலைப்பை எதிர்த்தே வாக்களித்து வந்தவர். வீண் செலவைக் கண்டித்தவர். ஈராக்கிற்குக் கூடுதல் படை அனுப்புவதை ஆதரித்தவர். செனட்டில் அவருடைய வாக்குகளில் பெரும்பாலானவை பழமைவாதப் பக்கமே விழுந்தன. எனவே ஐயம் அவருடைய கொள்கைகளைப் பற்றியது மட்டுமன்று. நெருக்கடி வரும்போது இவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதே அடிப்படைக் கேள்வி.

ஐயத்துக்குரியவர் வேட்பாளரானது எப்படி?

கட்சியின் வேட்பாளரை மாநிலந்தோறும் நடக்கும் முதன்மைத் தேர்தல்கள் முடிவு செய்கின்றன. 2008 இல் பழமைவாதிகளின் வாக்கு மிட் ராம்னி, மைக் ஹக்கபீ, ஃபிரெட் தாம்சன் எனச் சிதறியது. தென் கரோலினாவில் மெக்கெய்ன் ஏறத்தாழ 33 விழுக்காடு பெற்று வென்றார். ஹக்கபீ 30, தாம்சன் 16 விழுக்காடு பெற்றனர். புளோரிடாவில் 36 விழுக்காடு பெற்ற மெக்கெய்னுக்கு அம்மாநிலத்தின் 57 பிரதிநிதிகளும் கிடைத்தனர். முதலிடம் பெற்றவருக்கே அனைத்தும் என்ற விதி அங்கு இருந்தது. எனவே பெரும்பான்மையினரின் முதல் தேர்வாக இல்லாத ஒருவரும் கட்சியின் வேட்பாளராக முடிந்தது.

வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா அவரைத் தொடர்ந்து தாக்கினார். சமயச் செல்வாக்கு மிக்க ஜேம்ஸ் டாப்சன், மெக்கெய்னுக்கு வாக்களிக்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

நம்பிக்கை பெற எடுத்த முயற்சிகள்

2008 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டனில் நடந்த பழமைவாதிகளின் ஆண்டு மாநாட்டில் மெக்கெய்ன் பேசினார். அதே மேடையில் சற்று முன்னர்தான் ராம்னி போட்டியிலிருந்து விலகியிருந்தார். மெக்கெய்ன் குடியேற்றம் பற்றிக் குறிப்பிட்டபோது அவையில் எதிர்ப்பொலி எழுந்தது. கருத்து வேறுபாடுகளை மறைக்காமல் ஒப்புக்கொண்ட அவர், நீதிபதி நியமனத்திலும் போரிலும் தம்மை நம்பலாம் என்று வேண்டினார். முன்பு தாம் எதிர்த்த வரிக்குறைப்புகளை நிலையாக்குவதாகவும், குடியேற்றத்தில் முதலில் எல்லைப் பாதுகாப்பையே கவனிப்பதாகவும் உறுதியளித்தார்.

துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்ததே மிகப் பெரிய முயற்சி. மெக்கெய்ன் மனத்தில் இருந்தவர் நண்பர் ஜோ லீபர்மன். ஆனால் அவர் 2000 இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். அவரை நிறுத்தினால் கட்சி மாநாடே பிளவுபடும் என்று ஆலோசகர்கள் எச்சரித்தனர். ஆகஸ்ட் 29 அன்று அலாஸ்கா ஆளுநர் சாரா பேலின் அறிவிக்கப்பட்டார். கருக்கலைப்பை உறுதியாக எதிர்த்த அவரது வருகை பழமைவாதிகளிடையே பெரும் உற்சாகத்தை ஏற்படுத்தியது. டாப்சனும் தம் நிலையை மாற்றிக்கொண்டார்.

ஆனால் நடுநிலையாளர்களிடம் அத்தேர்வு எடுபடவில்லை. தேர்தல் நாள் வாக்காளர் கருத்துக்கணிப்பில் 60 விழுக்காட்டினர், அதிபர் பொறுப்பை ஏற்கும் தகுதி பேலினுக்கு இல்லை என்றனர். லீபர்மனைத் தேர்ந்தெடுக்காமல் போனதற்காக வருந்துவதாக 2018 இல் வெளிவந்த தம் நூலில் மெக்கெய்ன் எழுதினார்.

தேர்தல் முடிவும் ஒரு கணக்கும்

நவம்பர் 4 அன்று பராக் ஒபாமா 365 தேர்வாளர் வாக்குகளும் மெக்கெய்ன் 173 வாக்குகளும் பெற்றனர். மக்கள் வாக்கில் ஒபாமாவுக்கு 52.9 விழுக்காடு, மெக்கெய்னுக்கு 45.7 விழுக்காடு. ஐயமுற்ற பழமைவாதிகள் கைவிட்டதால்தான் மெக்கெய்ன் தோற்றாரா? எளிய கணக்கால் இதைப் பார்க்கலாம்.

தேர்தல் நாள் கணிப்புகளின்படி 2004, 2008 ஆகிய இரு தேர்தல்களிலும் 100 வாக்காளரில் 34 பேர் தம்மைப் பழமைவாதி என்றனர். 2004 இல் அவர்களில் 84 விழுக்காட்டினர் புஷ்ஷுக்கும் 15 விழுக்காட்டினர் ஜான் கெர்ரிக்கும் வாக்களித்தனர். 2008 இல் மெக்கெய்னுக்கு 78, ஒபாமாவுக்கு 20 விழுக்காடு. அதாவது இப்பிரிவினரிடம் குடியரசுக் கட்சிக்கு இருந்த முன்னிலை, மொத்த வாக்கில் ஏறத்தாழ 23 புள்ளியிலிருந்து 20 புள்ளியாகக் குறைந்தது. இழப்பு நான்கு புள்ளிக்கும் குறைவு. நாடு முழுவதும் மெக்கெய்ன் பின்தங்கியதோ ஏழு புள்ளி. பழமைவாதிகள் 2004 இல் போலவே வாக்களித்திருந்தாலும் அவர் தோற்றிருப்பார் என்பதே இதன் பொருள். மிதவாதிகளில் 60 விழுக்காட்டினர் ஒபாமாவை ஆதரித்தனர். செப்டம்பரில் வெடித்த நிதி நெருக்கடி ஆளுங்கட்சி மீதான வெறுப்பைக் கூட்டியது. வாக்களிக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் இக்கணிப்பில் இடம்பெறார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இதிலிருந்து அறிவது

இரு கட்சிகளே வெல்லக்கூடிய ஒரு முறையில், ஐயமுற்ற வாக்காளருக்குச் செல்ல வேறு இடமில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளை அதிபரே நியமிக்கிறார். அவர்கள் வாழ்நாள் முழுதும் பதவியில் இருப்பர். எனவே பெரும்பாலோர் முணுமுணுத்தபடியே தம் கட்சிக்கு வாக்களித்துவிடுகின்றனர். ஆனால் அந்த முணுமுணுப்பு வீண்போவதில்லை. வேட்பாளரின் வாக்குறுதிகளையும் துணை அதிபர் தேர்வையும் அது மாற்றுகிறது. அம்மாற்றத்தின் விலையை வேட்பாளர் நடுநிலையாளர்களிடம் செலுத்த நேர்கிறது.

2012 இல் மிட் ராம்னியும் இதே ஐயத்தைச் சந்தித்தார். 2016 இல் டோனால்ட் டிரம்ப் மீது ஐயம் எழுந்தபோது, உச்ச நீதிமன்றத்திற்குத் தாம் கருதும் 11 பேரின் பெயர்ப் பட்டியலை அவர் மே மாதத்தில் வெளியிட்டார். வாய்ச்சொல் போதாது என்று கருதிய வாக்காளர்களுக்கு அது எழுத்துப்பூர்வமான உறுதியாக அமைந்தது.

மெக்கெய்ன் மீதான ஐயம் 2008 உடன் முடியவில்லை. போதிய அளவு பழமைவாதியாக நடந்துகொள்ளவில்லை என்று கூறி, 2014 சனவரியில் அரிசோனா மாநிலக் குடியரசுக் கட்சியே அவர்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் 2016 இல் அம்மாநில வாக்காளர்கள் அவரை மீண்டும் செனட்டிற்கு அனுப்பினர்.