நீலச்சோறு வயிற்றுக்குள் சிவக்கும்போது

பினாங்கின் நியோன்யா பலகாரக் கடைகளில் ‘பூலுட் தாய் தாய்’ வாங்கியவர்களுக்கு அந்த நீலம் தெரியும். தேங்காய்ப்பாலில் வெந்த பூலுட் அரிசியைக் கனம் வைத்து அமுக்கி, துண்டு போட்டு, காயாவோடு தருவார்கள். வெள்ளைச் சோற்றில் திட்டுத் திட்டாகக் கருநீலம். நம் வீட்டு வேலியில் படர்கிற சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாறு அது. அதே சாற்றைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஒரு லீமாவ் கஸ்தூரியைப் பிழியுங்கள். சொட்டு விழுந்த இடம் ஊதாவாகும். இன்னும் இரண்டு மூன்று பழம் பிழிந்தால் தம்ளரே இளஞ்சிவப்புக்குத் திரும்பிவிடும்.

ஜார்ஜ்டவுனில் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் இந்த நிறமாற்றம், சாப்பிட்ட பிறகு நம் வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

சங்குப்பூ, நாவற்பழம், கத்தரிக்காய்த் தோல், கறுப்பு அரிசி, சூப்பர் மார்க்கெட்டில் சின்ன டப்பாவில் விற்கும் புளூபெர்ரி எல்லாவற்றுக்கும் நிறம் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற ஒரே நிறமிக் குடும்பம். வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் ராபர்ட் பாயில் 1664-லேயே எழுதி வைத்தார். 1915-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர், ரோஜாவின் சிவப்புக்கும் கார்ன்ஃபிளவரின் நீலத்துக்கும் அடிப்படை ஒரே நிறமிதான் என்று காட்டினார்.

வெறும் வயிற்றின் பிஎச் பெரும்பாலும் 1-க்கும் 2.5-க்கும் இடையில் இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கும். பிஎச் ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியது என்று பொருள். ஆக, பழத்தைப் பிழிந்தாலும் பிழியாவிட்டாலும் வயிறு தன் அமிலத்தால் அந்த நீலத்தைச் சிவப்பாக்கிவிடும். இந்தச் சிவப்பு வடிவில்தான் ஆந்தோசயனின் உடையாமல் உறுதியாக இருக்கிறது. சிறுகுடலுக்கு இறங்கியதும் பிஎச் 6, 7 என்று ஏறுகிறது. அங்கே அது உருமாறிச் சிதையத் தொடங்குகிறது. முழு மூலக்கூறாக ரத்தத்தில் சேர அதற்குக் கிடைக்கும் அவகாசம் கொஞ்சம்தான்.

வயிறு உணவைக் கடைந்து குடலுக்கு அனுப்பும் இடம், சத்தை இழுப்பது குடல் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆந்தோசயனின் அந்தப் பாடத்துக்குள் முழுதாக அடங்கவில்லை. 2003-இல் இத்தாலியின் ட்ரியெஸ்த் பல்கலைக்கழகத்தில் பாஸமோன்ட்டி குழுவினர் எலிகளின் வயிற்றில் திராட்சை நிறமியைச் செலுத்தினார்கள். 6 நிமிடத்தில் அது சிதையாமல் ரத்தத்தில் தென்பட்டது. அதே ஆண்டு பிரான்சில் தலவேரா குழுவினர், எலி வயிற்றில் விட்ட நிறமியில் கால்வாசி வரை வயிற்றுச் சுவர் வழியாகவே உறிஞ்சப்படுவதைக் கண்டார்கள். அமிலம் நிறமியைச் சிதையாமல் வைத்திருக்கிறது. அதைச் சுவரைத் தாண்டி எடுத்துச் செல்வது அங்குள்ள கடத்திப் புரதங்கள் என்று கருதுகிறார்கள்.

மனிதர்களிடம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கணக்குப் போட்டவர்கள் வெகுநாள் ஏமாந்தார்கள். சிறுநீரில் முழு நிறமியை மட்டும் தேடியதால், உண்டதில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. 2013-இல் பிரிட்டனில் 8 ஆண்களுக்கு, கார்பன்-13 அடையாளம் இட்ட சயனிடின்-3-குளுக்கோசைடு 500 மில்லிகிராம் கொடுத்தார்கள். அடையாளக் கார்பன் எந்த உருவில் வெளிவந்தாலும் பிடிபடும். சிறுநீரிலும் மூச்சிலுமாகச் சுமார் 12 சதவீதம் கிடைத்தது. சிறுநீரில் வந்ததில் பெரும்பகுதி முழு நிறமியாக இல்லை. உடலும் குடல் பாக்டீரியாவும் உடைத்த சின்னச் சின்ன அமிலங்களாக இருந்தது. நன்மை இருந்தால் அது பெரும்பாலும் இந்தத் துண்டுகளின் நன்மை என்பதே என் எண்ணம்.

அந்த ஆய்வில் கொடுத்த அதே மூலக்கூறுதான், இங்கே மாலையில் விற்கும் ‘பூபோர் பூலுட் ஹீத்தாம்’ என்ற கறுப்பு அரிசிக் கஞ்சிக்குக் கருமை தருவதில் முதன்மையானது. சங்குப்பூவின் நிறமியோ கிளை கிளையாகப் பிற மூலக்கூறுகள் ஒட்டிய கனத்த உரு. அதனால்தான் வெந்த சோற்றிலும் நீலம் மங்காமல் நிற்கிறது. எளிய உரு கொண்ட கறுப்பு அரிசியின் கணக்கை அப்படியே அதற்குப் போட முடியாது. சங்குப்பூப் பொடியைப் புட்டியில் அடைத்து, ‘ரத்தத்தைச் சுத்தம் செய்யும்’ என்று எழுதி விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

நம்மில் பலர் ‘கேஸ்டிரிக்’ என்று ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறோம். அவை வயிற்றின் பிஎச்சை 4-க்கு மேல் தூக்கும். ஆய்வுக்கூடக் குழாயில் அந்த அளவில் பெர்ரி நிறமிகள் பெரும்பாலும் நிறமற்ற, நிலையில்லாத வடிவுக்கு மாறும். நீண்ட நாள் பயன்பாட்டில் பி12-உம் இரும்புச் சத்தும் உடலில் சேர்வது குறையலாம் என்பது மருத்துவர்கள் அறிந்ததே. அதற்காக அல்சர் உள்ளவர் பழத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினால் புண் மோசமாகலாம். புளிப்பைக் கூட்டலாம் என்று வெறும் வயிற்றில் எலுமிச்சை குடித்தால், எதுக்களிப்பு உள்ளவருக்கு நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும். எத்தனை நாள் சாப்பிடுவது, எப்போது குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவு: கறுப்பு அரிசியின் நிறமி தவிட்டில் இருக்கிறது, தீட்டாததாக வாங்குங்கள். அது நீரில் கரையும். மண் போக ஒருமுறை அலசிவிட்டு, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கஞ்சியில் சேர்க்கும் குலா மலாக்கா வெல்லத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.