உங்களுக்குத் தெரியுமா? ஒரே பொத்தான், 150 வெளிச்சம்

ஆண்டுரில் 2 என்ற மென்பொருள் ஓடும் டார்ச் லைட்டில் வெளிச்சத்துக்கு 150 படிகள். பொத்தான் மட்டும் ஒன்றே ஒன்று! அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் ஏறும், விட்டால் அங்கேயே நிற்கும். ஆனால் ஏறும் உச்சத்தை நாமே குறைத்து வைக்க வேண்டுமானால்? லைட் எரியும்போது பொத்தானை ஏழு முறை தட்டி, ஏழாவது தட்டில் விரலை எடுக்காமல் பிடிக்க வேண்டும். அப்போது லைட் மினுக்கும்: முதல் மினுக்கு அடிமட்ட வெளிச்சத்துக்கு, இரண்டாவது உச்சத்துக்கு. இரண்டாவதில் விரலை எடுத்துவிட்டு எண்ணைத் தட்டலாம். வேடிக்கை என்னவென்றால், உச்சத்தை மேலிருந்து கீழாக எண்ண வேண்டும்: ஒரு தட்டு என்றால் 150. உங்களுக்கு 120 போதுமா? 31 தட்டு. எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்துதான்!