பல்பணிக் கடற்படை ஹெலிகாப்டர்: வளர்ச்சியும் ஆற்றலும்

வானூர்திகளுள் ஹெலிகாப்டருக்குத் தனியிடம் உண்டு. ஓடுபாதையின்றி மேலெழவும், நின்ற நிலையிலேயே வானில் தங்கவும் அது வல்லது. இப்பெயரை 'ஹெலி', 'காப்டர்' எனப் பிரிப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. உண்மையில் இது சுருளைக் குறிக்கும் 'ஹெலிக்ஸ்', சிறகைக் குறிக்கும் 'டெரான்' ஆகிய கிரேக்கச் சொற்களின் சேர்க்கையாகும். ஈழத்தமிழர் வழங்கும் 'உலங்கு வானூர்தி' என்னும் பெயர் நயமானதே. எனினும் நம் மாணவர் நாவில் பழகிய சொல்லையே ஈண்டுக் கையாள்கிறோம்.

நிற்க. வானில் பறக்கும் இவ்வூர்திக்குப் போர்க்கப்பலில் என்ன வேலை என்னும் வினா எழலாம். 1971 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, டையூவுக்கு அப்பாலுள்ள கடலில் இந்தியக் கடற்படையின் 'குக்ரி' என்னும் கப்பலைப் பாகிஸ்தானின் 'ஹாங்கோர்' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும் உயிர்நீத்தனர். தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு கடலில் அடங்கினார். நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் 'குக்ரி' என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அதில் ஹெலிகாப்டர் இறங்குவதற்கு மேடை கிடையாது.

வேட்டைக்கு வந்ததே இரையானது எவ்வாறு? விடை கடல்நீரின் இயல்பில் இருக்கிறது. ராடாரின் அலைகள் கடல்நீருள் செல்லமாட்டா. ஒலியோ காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான விரைவில், நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வீதம், நீருள் பாய்கிறது. எனவே நீரின்கீழ் ஒன்றைக் கண்டறிய ஒலியே கருவி. 'சோனார்' அதனால் பிறந்தது. ஆனால் கதிரவன் வெப்பத்தால் சூடேறிய மேலடுக்குக்கும் அதன் கீழுள்ள குளிர்ந்த அடுக்குக்கும் இடையே ஒலி நேராகச் செல்லாமல் வளைந்துவிடுகிறது. மேலடுக்கிலுள்ள கப்பலின் சோனாருக்கு எட்டாத நிழற்பகுதி கீழே உண்டாகிறது. நீர்மூழ்கி அங்கே பதுங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்குக் கப்பலின் எந்திர இரைச்சல் அதன் செவியையே மந்தமாக்குகிறது. பகைவனுக்கோ அதன் வரவை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது.

ஹெலிகாப்டர் இவ்விடரை எளிதாகக் கடக்கிறது. கடலுக்குச் சற்று மேலே அசையாமல் நின்று, நீண்ட வடத்தில் கட்டிய சோனாரைக் குளிர்ந்த அடுக்குவரை இறக்குகிறது. கேட்டு முடித்ததும் அதை இழுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு விரைகிறது. எந்த நீர்மூழ்கியும் அதன் விரைவுக்கு ஈடுகொடுக்க இயலாது. நீர்மூழ்கியின் டார்பிடோவோ வானிலிருப்பதை ஒன்றும் செய்யாது.

இத்தகைய ஊர்திகளுள் இன்று பலரும் அறிந்தது அமெரிக்காவின் 'சீஹாக்'. சிகோர்ஸ்கி நிறுவனம் தரைப்படைக்கென உருவாக்கி 1974-இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட 'பிளாக் ஹாக்' ஊர்தியே இதன் மூலம். தரையில் இறங்குவதைக் கடலுக்கு ஏற்றதாக்குவது எளிய பணியன்று. சிறிய மேடையில் நிற்கவேண்டி வால்சக்கரத்தை முன்னே நகர்த்தினர். கொட்டகையில் அடங்கவேண்டிச் சுழல்தகடுகளையும் வாலையும் மடிக்கத்தக்கனவாக்கினர். உப்புக்காற்று அரிக்காதிருக்கப் பூச்சுகள் இட்டனர். கடற்படை வடிவம் 1979 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது.

வளர்ச்சியில் ஒரு விந்தையைக் காண்கிறோம். முதலில் வந்த 'பி' வகையில் ராடார் இருந்தது. கடலில் எறிந்து ஒலி கேட்கும் ஒலிமிதவைகள் இருந்தன. இறக்கும் சோனார் இல்லை. விமானந்தாங்கிக் கப்பல்களுக்கென 1980-களின் இறுதியில் வந்த 'எஃப்' வகையில் இறக்கும் சோனார் இருந்தது. தேடும் ராடார் இல்லை. ஒன்றுக்குக் கண், மற்றொன்றுக்குச் செவி! இரண்டையும் ஓருடலில் சேர்த்ததே 'எம்.எச்.-60 ஆர்', சுருக்கமாக 'ரோமியோ'. அதன் முன்மாதிரி 1999-இல் பறந்தது. 2009-இல் 'ஜான் சி. ஸ்டென்னிஸ்' என்னும் விமானந்தாங்கியுடன் முதன்முதலாகக் கடற்பயணம் மேற்கொண்டது.

இரண்டு எந்திரங்கள், ஏறத்தாழ 16 மீட்டர் விட்டமுள்ள சுழலி, பத்து டன்னைச் சற்றே கடக்கும் உச்ச எடை ஆகியவை இதன் உடலமைப்பு. விமானிகள் இருவர், கருவிகளை இயக்குவோர் ஓரிருவர். நீர்மூழ்கிக்கு டார்பிடோ, மேற்பரப்பிலுள்ள படகுக்கு 'ஹெல்ஃபயர்' ஏவுகணை ஆகியவற்றை ஏந்தும். இரவில் வெப்பத்தைக் கொண்டு காட்சி காட்டும் கருவியும், பிறர் ராடாரின் அலையை ஒட்டுக்கேட்கும் கருவியும் இதில் உண்டு. கடலில் தத்தளிப்போரை மீட்பதும், நோயுற்ற மாலுமியைக் கரைசேர்ப்பதும் இதே ஊர்திதான். பல்பணி என்னும் அடைமொழியின் சிறப்பு இப்பணிகளிலேயே விளங்குகிறது என்பது நம் கருத்து.

ஆயினும் எல்லாவற்றையும் ஒன்றில் ஏற்றுவதற்கு விலை உண்டு. கருவி கூடினால் எடை கூடும். எடை கூடினால் எரிபொருளையோ ஆயுதத்தையோ குறைக்கவேண்டும். 'பி' வகை ஊர்தி கயிற்றில் கட்டி இழுத்துச்சென்ற, நீர்மூழ்கியின் இரும்பை உணரும் காந்தக் கருவி 'ரோமியோ'வில் இடம்பெறவில்லை. மேலும், நின்றநிலையில் தங்குவது முன்னோக்கிப் பறப்பதைவிட மிகுதியான ஆற்றலை உறிஞ்சும் செயல். ஆதலால் ஒவ்வொரு முறை சோனாரை இறக்கும்போதும் எரிபொருள் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

புயற்காற்றில் ஆடும் கப்பலில் இறங்குவது கடினமான கலை. மேடையிலிருந்து வரும் கம்பியை ஊர்தியின் அடியில் மாட்டி, கப்பலே அதை மெல்லக் கீழிழுத்துப் பொறியொன்றில் பற்றிக்கொள்ளும் முறையை இதற்கென வகுத்துள்ளனர். இம்முறைக்கு வழிகாட்டியவர்கள் கனடாக் கடற்படையினர்.

இந்தியாவில் 'குக்ரி' மூழ்கிய அதே 1971-இல்தான் இறக்கும் சோனாருடைய 'சீ கிங்' ஊர்திகளுக்கான முதற்படையணி அமைந்தது. நெடுங்காலம் அவையே நம் பெரிய கப்பல்களின் செவிகளாக இருந்தன. 2020-இல் 24 'ரோமியோ' ஊர்திகளுக்கு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2024 மார்ச் 6-இல் கொச்சியிலுள்ள 'கருடா' தளத்தில் அவற்றின் முதற்படையணி பணியில் இணைந்தது. கடல் பரந்தது, ஓர் ஊர்தியால் அதைத் துழாவிவிட முடியாது. ஒன்று சோனாரைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருக்க, மற்றொன்று முன்சென்று அடுத்த இடத்தில் தாழ்த்தினால்தான் ஓடும் நீர்மூழ்கியைப் பிடியில் வைத்திருக்க இயலும்.