ஆர்டர் இல்லாமல் வரும் விருந்தாளி

நூலும் ஊரும் – 17

வெளிநாட்டு பையர்கள் திருப்பூருக்கு வரத் தொடங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்தார். அவருக்குப் பின்னால் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். கோவை விமான நிலையத்துக்குக் கார் அனுப்புவது, காரம் குறைத்துச் சாப்பாடு போடுவது, சாம்பிளை மேசையில் விரித்துப் பொறுமையாகப் பேசுவது என்று அந்நியரை வரவேற்கும் வித்தையை ஊரே கற்றுக்கொண்டது.

இப்படி வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஆர்டர் இருந்தது, அல்லது ஆர்டர் கிடைக்கும் என்ற நம்பிக்கையாவது இருந்தது. இந்த வாரம் நான் பேசப்போகும் விருந்தாளி கையில் எதுவும் இருக்காது. ஒரு மாதமோ மூன்று மாதமோ ஊரில் தங்குவார், சுற்றுவார், பார்ப்பார், கேட்பார், தோன்றினால் எதையாவது செய்வார். ஆர்டிஸ்ட் ரெசிடென்சி என்ற பெயரில் உலகின் பல நகரங்களில் நடப்பது இதுதான். ஓவியர், சிற்பி, வீடியோ கலைஞர், ஒலிக் கலைஞர் என்று யாரையாவது அழைத்து, தங்க இடமும் வேலை செய்ய இடமும் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிடுவது. திருப்பூர் இப்படிப்பட்டவர்களை அழைக்க வேண்டும் என்பது என் ஆசை. எப்படி அழைக்க வேண்டும் என்பதிலும் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு.

துணி ஆலை முதலாளிகள் கலைஞர்களைத் தங்கள் வீட்டில் தங்கவைத்து வேலை செய்யவிட்ட ஊர் ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. அகமதாபாத். அங்கே காலிகோ மில்லை நடத்திய சாராபாய் குடும்பத்தின் கதை துணித் தொழில் செய்யும் ஒவ்வோர் ஊரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1918-ல் மில் தொழிலாளர் போராட்டம் நடந்தபோது அம்பாலால் சாராபாய் முதலாளிகள் பக்கம் நின்றார். அவருடைய அக்கா அனசூயா, காந்தியோடு சேர்ந்து தொழிலாளர் பக்கம் நின்றார். அதே குடும்பம்தான் 1949-ல் காலிகோ துணி அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. லெ கார்புசியே அந்த வீட்டின் மருமகள் மனோரமாவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். மில் முதலாளிகள் சங்கத்துக்கும் ஒரு கட்டடம் கட்டினார்.

1955-ல் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் தன் மனைவியோடு அங்கே வந்தார். அழைத்தவர் கீரா சாராபாய். ஒப்பந்தம் எளிமையானது: பயணச் செலவு எங்களுடையது, நீங்கள் இங்கே சில படைப்புகளைச் செய்து கொடுங்கள். அந்த வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து கம்பியையும் தகட்டையும் வளைத்து, காற்றில் அசையும் தன் மொபைல் சிற்பங்களை அவர் செய்தார். 1964-ல் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழு உலகப் பயணத்தின் நடுவே அகமதாபாத் வந்தது. இசைக்காரர் ஜான் கேஜும், அந்தக் குழுவுக்கு மேடையும் உடையும் ஒளியும் அமைத்த ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க்கும் அதில் இருந்தார்கள். கேஜுக்கு அந்தக் குடும்பம் புதிதல்ல. கீதா சாராபாய் 1940-களிலேயே நியூயார்க் போய், அவரிடம் மேற்கத்திய இசை கற்று, அவருக்கு நம் இசையைச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ரவுஷன்பெர்க் 1975-ல் மறுபடியும் வந்தார், இந்த முறை வேலை செய்யவே. அவர் வேலை செய்த இடம் காந்தி ஆசிரமத்தின் கைக்காகித ஆலை. பருத்திக் கந்தலை ஊறவைத்துக் கூழாக்கி, சட்டத்தில் அள்ளி, தாளாக்கிக் காயவைக்கும் இடம் அது. நம் ஊர்க்காரர்கள் இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இந்தியக் கைக்காகித ஆலைகள் பலவற்றுக்கு இன்றைக்கும் மூலப்பொருள் பனியன் கட்டிங் வேஸ்ட்தான். கழுத்து வெட்டியதிலும் கை வெட்டியதிலும் மிஞ்சும் வெள்ளைத் துண்டுகள்தான் கல்யாணப் பத்திரிகையாகவும் ஓவியத் தாளாகவும் திரும்பி வருகின்றன.

அங்கே ரவுஷன்பெர்க் இரண்டு வரிசைப் படைப்புகளைச் செய்தார். ஒன்றில், ஈரக் காகிதக் கூழோடு மூங்கில் சிம்புகளையும் துணித் துண்டுகளையும் சேர்த்துத் தாளாக்கினார். அதற்கு எலும்புகள் என்று பெயர் வைத்தார். மற்றொன்று இன்னும் விசேஷம். காகிதக் கூழில் வெந்தயப் பொடி, புளியங்கொட்டைப் பொடி, சாக்பீஸ் பொடி, பிசின் பொடி, மயில்துத்தம் எல்லாவற்றையும் கலந்து தண்ணீர் ஊற்றிப் பிசைந்து ஒரு சேறு தயாரித்தார்கள். கிராமத்து மண் சுவர்களைப் பார்த்துப் பிறந்த யோசனை அது. அந்தச் சேற்றைக் குழைத்து, மூங்கிலும் கயிறும் சேலைத் துணியும் கோத்து வடிவங்கள் செய்தார். புளியங்கொட்டைப் பொடி துணி பிரிண்டிங்கில் சாயப் பசையைக் கெட்டியாக்கப் பயன்படும் பொருள் என்பது நம் ஊரில் பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கடையில் வாங்கிவந்த உயர்ந்த சாயத்தை விட்டுவிட்டு, அந்த ஊரின் கந்தலையும் சமையலறைப் பொருளையும் ஓர் அமெரிக்க ஓவியர் கையில் எடுத்தார். அகமதாபாத் கடைவீதியில் பார்த்த பட்டும் பருத்தியும் அவரை விடவில்லை. ஊர் திரும்பியதும், வெறும் துணியைத் தைத்து மூங்கில், பிரம்புக் கழிகளில் சாய்த்தும் தொங்கவிட்டும் ஜாமர்ஸ் என்ற வரிசையைச் செய்தார். அவர் வாழ்நாள் வேலையில் அது தனித்து நிற்கிறது.

இந்தக் கதையை நான் வியந்துதான் சொல்கிறேன். ஆனால் இதில் எனக்கு நிறைவு இல்லாத ஓர் இடமும் உண்டு. அகமதாபாத்தில் விருந்து நடந்தது பங்களாவில். மில்லுக்குள் ஷிப்ட் பார்த்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அந்தத் தோட்டத்தில் தொங்கிய கால்டரின் மொபைலுக்கும் நடுவே ஒரு மதில் இருந்தது. காகித ஆலையில் மட்டும் அந்த மதில் கொஞ்சம் தாழ்ந்தது, ஏனென்றால் தாள் செய்யத் தெரிந்த கைகள் இல்லாமல் ரவுஷன்பெர்க்கால் ஒரு தாளையும் எடுத்திருக்க முடியாது. 1980-களில் அகமதாபாத் மில்கள் வரிசையாக மூடின. காலிகோவும் 1998-ல் மூடியது. அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையிலிருந்து எதுவும் அந்தக் கலைக்குள் போனதாகவோ, அந்தக் கலையிலிருந்து எதுவும் அவர்களிடம் வந்ததாகவோ சொல்ல முடியவில்லை.

திருப்பூரில் அப்படி ஒரு பங்களா இல்லை, அதுவே நமக்கு நல்லது. இங்கே விருந்தாளியை நேராகப் பட்டறைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும்.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கோலர் என்ற குளியலறைச் சாமான் கம்பெனியின் பீங்கான் பிரிவிலும் வார்ப்பட்டறையிலும் 1974 முதல் கலைஞர்கள் தங்கி வேலை செய்கிறார்கள். வாஷ்பேசின் வார்க்கும் அதே களிமண், அதே சூளை, பக்கத்தில் ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி. தங்குமிடம், பொருள், வாராந்திர உதவித்தொகை எல்லாம் கொடுத்து, தொழிற்கூடத்துக்குள்ளேயே இடம் ஒதுக்குகிறார்கள். நியூயார்க்கில் மியர்ல் லேடர்மன் யூக்கலிஸ் 1977-ல் அந்த மாநகரத் துப்புரவுத் துறையின் உறைவிடக் கலைஞர் ஆனார், சம்பளம் இல்லாமல். 1979-ல் தொடங்கி ஏறக்குறைய ஓர் ஆண்டு நகரம் முழுக்கச் சுற்றி, 8,500-க்கும் மேற்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களோடு ஒவ்வொருவராகக் கை குலுக்கி நன்றி சொன்னார். அந்தக் கைகுலுக்கல்தான் அவருடைய படைப்பு. நம் நாட்டிலும், டில்லியின் கோஜ் என்ற கலைஞர் அமைப்பு 1997-ல் தன் முதல் கலைப் பட்டறையை நடத்தியது தலைநகரில் அல்ல, உத்தரப் பிரதேசத்தின் ஆலை ஊரான மோடிநகரில்.

தமிழ்நாட்டில் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு அடித்தளம் போட்டதும் துணிதான். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் ஈஞ்சம்பாக்கம் மணலில் வேர் ஊன்றினார்கள். இன்னும் பக்கத்தில் வந்தால் கோவை. சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தை வளர்த்த கஸ்தூரி சீனிவாசன் ஓவியமும் எழுத்தும் விடாதவர். அவர் பெயரில் அவினாசி சாலையில் ஓவியக் கூடமும் துணி அருங்காட்சியகமும் இருக்கின்றன. கொங்கு நாட்டில் பஞ்சும் ஓவியமும் ஒரே மனிதருக்குள் இருந்ததற்கு அவர் சாட்சி.

சரி, திருப்பூருக்கு ஒரு கலைஞர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்போர்ட் கம்பெனி வாசலிலேயே சிக்கல் தொடங்கும். உள்ளே ஓடுவது பையரின் டிசைன், அதைப் படம் எடுக்க விடமாட்டார்கள். அது நியாயமும்கூட. அதோடு ஊசி இருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, தேதியும் மெஷின் நம்பரும் எழுதி நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்கவில்லையென்றால் அங்கே இருக்கும் பீஸ் அத்தனையும் நீடில் டிடெக்டருக்குப் போகும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் தோளில் அந்த முனை குத்திவிடக்கூடாது என்பதற்காக, இங்கே ஒரு டெய்லர் தரையில் குனிந்து மினுங்கும் இரும்புப் பொடியைத் தேடுகிறார். பக்கம் பக்கமாக உடைந்த ஊசிகள் ஒட்டிய அந்த நோட்டை ஒரு நல்ல கலைஞர் பார்த்தால் எளிதில் அங்கிருந்து நகரமாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் குண்டூசியும் கத்தரியும் பையில் போட்டுக்கொண்டு அந்த ஹாலில் அவரை உலாவவிட முடியாது.

அதனால் முதல் கதவு ஜாப் ஒர்க் பட்டறைகளும் வேஸ்ட் குடோன்களும் ஆகட்டும். வேஸ்ட் குடோன் திருப்பூரின் மிக அழகான இடங்களில் ஒன்று என்று நான் உறுதியாகச் சொல்வேன். அந்த மாதம் ஐரோப்பா என்ன நிறம் உடுத்தப்போகிறது என்பது அங்கே குவியலாகக் கிடக்கும். பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். வெள்ளை தனி, அதற்கு விலை அதிகம். கலர் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துக் கிழித்துப் பஞ்சாக்கினால் ஓ.இ. (ஓபன் எண்ட்) மில்லில் மறுபடியும் நூலாகும், சாயம் போடாமலேயே நிறத்தோடு. நீலத்துக்கும் கருநீலத்துக்கும் நடுவே எத்தனை நீலம் உண்டு என்று கேட்டால், அந்தப் பெண்களைவிடத் துல்லியமாகச் சொல்ல எந்த ஓவியக் கல்லூரியிலும் ஆள் கிடைப்பது கடினம்.

இங்கேதான் என் பிடிவாதம். இந்த ஊரில் நேரத்துக்கு விலை உண்டு, பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு நிமிடத்துக்கும் உண்டு. பேட்லாக் டெய்லர் ஒருவர் கலைஞருக்கு மெஷின் ஓட்டிக் காட்ட ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது குறையும். கலைஞரின் விமானச் சீட்டுக்கும் அறை வாடகைக்கும் பட்ஜெட் போடுகிறவர்கள் இதற்கு வரி எழுத மறந்துவிடுவார்கள். மறக்கக்கூடாது. கலைஞரோடு இருக்கும் டெய்லருக்கும், அவருக்கு உதவும் கைமடிக்கும், வேஸ்ட் பிரிக்கும் பெண்ணுக்கும் ஷிப்ட் கணக்கில் முழுக் கூலி கொடுக்க வேண்டும். செய்த படைப்பின் அருகில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும், அவர்கள் சம்மதித்தால். ரவுஷன்பெர்க்கின் தாள்களை எடுத்த கைகள் ஆசிரமக் காகித ஆலை என்ற பெயருக்குள் மறைந்துபோனதுபோல இங்கேயும் ஆகிவிடக்கூடாது.

முதலாளிகள் கேட்பார்கள்: “அவங்க வந்து நம்ம நொய்யல் ஆத்தைப் படம் புடிச்சுப் போட்டாங்கன்னா என்னங்க பண்றது?” அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கீழே விவசாயம் அழிந்தது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் நடந்ததுதான். சாயப்பட்டறைகள் சொட்டு நீரையும் வெளியே விடாத முறைக்கு மாறியதும் நடந்ததுதான். வெளியாள் வந்து சொல்லும் முன்பே, இந்த ஊர் எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ நாவலில் அதைச் சொல்லிவிட்டார். வருகிறவருக்கு நொய்யலையும் காட்டுவோம், நஞ்சராயன் குளத்தையும் காட்டுவோம். அந்தக் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. எதைப் படைப்பாக்குவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். முடிவைக் கட்டுப்படுத்தினால் அதற்குப் பெயர் விளம்பரம்.

இன்னொரு கேள்வியும் வரும்: “எத்தனை பீஸுங்க, எப்ப டெலிவரி?” இதற்கு நேர்மையான பதில், ஒரு பீஸும் வராமல் போகலாம் என்பதுதான். மூன்று மாதம் தங்கிய ஒருவர் பத்து வருடம் கழித்து எங்கோ ஒன்றைச் செய்யலாம். டெலிவரி தேதியிலேயே வாழும் ஊருக்கு இதை ஏற்பது கடினம். ஆனால் வெளிநாட்டுக் கண்காட்சியில் நாலு நாள் ஸ்டால் போடும்போதும் ஆர்டர் நிச்சயமா? இல்லை என்று தெரிந்தும் போகிறோம். அந்தச் செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும். சம்மர் ஆர்டர் ஷிப்மென்ட் நெருக்கும் மாதங்களில் யாரையும் அழைக்க வேண்டாம். ஒரு வருடத்துக்கு இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். கூடவே நடக்க ஊர்ப் பையனோ பெண்ணோ ஒருவர், தமிழோடு இந்தியும் தெரிந்தவராக இருந்தால் நல்லது. ஏனென்றால் இன்று மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் ஒடிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும் நிறைய.

செய்ததை முதலில் காட்ட வேண்டியது சென்னையிலோ கொச்சியிலோ அல்ல, இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை, காதர்பேட்டை பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், நுழைவுக் கட்டணம் இல்லாமல். தொழிலாளர் குடும்பத்தோடு வெளியே வரும் நாள் அது ஒன்றுதான். விளக்க அட்டைகள் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும். பிடிக்கவில்லை என்று சொல்லவும் அவர்களுக்கு ஒரு நோட்டு வைக்கலாம். அந்த நோட்டையும் கலைஞர் தன்னோடு எடுத்துப் போகட்டும்.

(தொடரும்)