முதல் நூலக வேலை: ஊர் மாறலாமா?

நம் நாட்டில் பொது நூலகங்களை மாநகர, நகர, பிரதேச சபைகளே நடத்துகின்றன. எனவே வெற்றிடம் எந்த ஊரிலும் வரலாம். நூலகராக வேண்டும் என்பது என் ஆசை. "தூர ஊருக்குப் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்பது உம்மாவின் கவலை. இரண்டும் நியாயமே.

முடிவெடுக்கும் முன் இவற்றை விசாரிக்க வேண்டும்: நியமனம் நிரந்தரமானதா? வாடகையும் பஸ் கட்டணமும் போகச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? பாதுகாப்பான விடுதி உண்டா? எத்தனை வருடத்தில் இடமாற்றம் கேட்கலாம்? இலங்கை நூலகச் சங்கத்தின் கற்கைநெறியைத் தொடர வசதியுண்டா?

தூயி தசாம்சப் பகுப்பில் இஸ்லாத்துக்குரிய எண் 297. கல்முனையிலும் கண்டியிலும் அதே எண்தான். கற்ற தொழில் நம்முடனேயே வரும். விடுதிக்கு வழியில்லையென்றால் மட்டும், அடுத்த வெற்றிடம் வரை காத்திருப்பதே நல்லது.